அடிக்க வேண்டிய ஒரு வரி

மார்ச் 4

அடியே சுண்டெலி,

நல்லா இருக்கியா? நேரத்துக்குச் சாப்பிடறியா? நான் நல்லா இருக்கேன்னு எழுதணும்னுதான் ஆசை, ஆனா பொய் எழுத எனக்கு வராது. அந்தப் பொய்யைப் பத்தித்தான் இந்தக் கடிதமே.

போன் இருக்கும்போது கடிதம் எதுக்குன்னு கேப்பே. போன்ல நான் ஒரு வாக்கியம் முடிக்கறதுக்குள்ள நீ மூணு கேள்வி கேக்கறே. நடுவுல உங்க மாமா வேற "யாரு, சுண்டெலியா? நான் கேட்டதா சொல்லு"ன்னு நாலு தடவை சொல்றாரு. கடிதத்துல யாரும் குறுக்க வர முடியாது பாரு.

விஷயத்துக்கு வரேன். குழாய் டாக்டர் திரும்பவும் தொண்டை வழியா குழாயை விட்டுப் பாத்தாரு. ஆறு வருஷத்துல இது நாலாவது வயித்துப் புண்ணு. அதே இடமாம். வாடகை குடுக்காத ஆள் மாதிரி போறதும் வரதுமா இருக்கு. போன தடவை ரத்தம் கசிஞ்சு கருப்பா போச்சே, இந்தத் தடவை அந்த அளவு இல்லை. ஆனா, "மூணு மாசத்துல ஆறலைன்னா வயித்துல ஒரு பாகத்தை வெட்டி எடுக்க வேண்டியிருக்கும்மா"ன்னு சொல்லிட்டாரு. கத்திரிக்கோல் மாதிரி விரலை ஆட்டிக் காட்டி வேற சொல்றாரு. முப்பது வருஷமா கத்திரிக்கோலோட குடித்தனம் பண்றவகிட்டயே! நான் அதுக்கெல்லாம் பயப்படலை. சாமி பாத்துக்குவாரு.

எனக்கு ஆத்திரம் வேற இடத்துல. இந்தப் புண்ணு முக்கால்வாசி பேருக்கு ஒரு கிருமியால வருமாம். ஊதச் சொல்லிப் பாத்தாங்க, சதையைக் கிள்ளிப் பாத்தாங்க, எனக்கு அந்தக் கிருமி இல்லவே இல்லை. "கிருமி இல்லைன்னா வலி மாத்திரைதான். சொல்லுங்கம்மா, தினம் எத்தனை முழுங்கறீங்க?"ன்னாரு. ஒண்ணுகூட இல்லைன்னேன். வீட்டுல இருக்கற மாத்திரையெல்லாம் கொண்டாங்கன்னாரு. கொண்டுபோயி மேஜையில கொட்டினேன். உங்க மாமாவோட பிரஷர் மாத்திரை, என் சத்து மாத்திரை, அமிலத்துக்கு அவரே எழுதிக் குடுத்தது, அவ்வளவுதான். பாத்துட்டு ஒரு சிரிப்பு சிரிச்சாரு பாரு, நம்பாத சிரிப்பு. அப்புறம் ஃபைல்ல என்னமோ கிறுக்கினாரு.

கிறுக்கல் புரியாம, வெளிய வந்து மருந்துக்கடைப் பொண்ணுகிட்ட குடுத்துப் படிக்கச் சொன்னேன். "வலி மாத்திரை எடுப்பதை நோயாளி மறைப்பதாகத் தெரிகிறது." இதுதான்டி எழுதியிருக்கு! அம்பத்தாறு வயசுல என்னைக் கள்ளின்னு எழுதி வெச்சிருக்கான்!

என் விரல் வலியை சாமி எடுத்து ஆறு வருஷம் ஆகுது. ஊருக்கே தெரியும். நாள் முழுக்க சட்டைக்குப் பொத்தான் ஓட்டை தைச்சு காஜா எடுத்தும் விரல் பூ மாதிரி இருக்கு. வலியே இல்லாதவ எதுக்குடி வலி மாத்திரை முழுங்கப்போறா?

நீ படிச்சவ. 'எங்க அத்தை பொய் சொல்ல மாட்டாங்க'ன்னு ஒரே ஒரு வரி எழுதி, கையெழுத்து போட்டு அனுப்பு. கொண்டுபோயி அவர் எழுதினதுக்கு மேல ஒட்டிட்டு வரேன்.

உன் அத்தை

மார்ச் 12

அன்புள்ள அத்தைக்கு,

கடிதம் கிடைத்தது. கடையில் வேலை அதிகம். முந்நூறு ரோஜாக் கட்டுகளுக்கு முள் நீக்கிவிட்டு இதை எழுதுகிறேன். வயிற்றை வெட்டுவது என்பதை நீங்கள் ஏதோ ரவிக்கைக்கு அளவு வெட்டுவதைப் போல எழுதியிருக்கிறீர்கள்.

நீங்கள் கேட்ட வரியை என்னால் இப்போது எழுத முடியவில்லை. கோபப்படாமல் படியுங்கள்.

எனக்குப் பத்து வயது இருக்கும்போது, உங்கள் பொத்தான் டப்பாவில் சட்டைப் பொத்தான் தேடினேன். அடியில், சிவப்புப் பொத்தான்களுக்குக் கீழே, வலி மாத்திரை அட்டைகள் இருந்தன. நீங்கள் டப்பாவைப் பிடுங்கிக்கொண்டு, "மாமாகிட்ட மூச்சு விட்டே, முட்டியைப் பேத்துடுவேன்" என்றீர்கள். நான் இன்றுவரை மூச்சு விடவில்லை.

அன்றைக்கு மறைத்தவர் இன்றைக்கு மறைக்க மாட்டார் என்று நான் எதை வைத்துக் கையெழுத்துப் போடுவது? ரத்தம் கசிந்த அன்று உங்கள் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றவள் நான். வெள்ளைத் துணி மாதிரி கிடந்தீர்கள். அத்தை, டப்பாவில் இருந்தால் தூக்கிப் போட்டுவிடுங்கள். யாரும் உங்களைத் திட்ட மாட்டோம்.

உங்கள் சுண்டெலி

மார்ச் 20

சுண்டெலிக்கு,

பொத்தான் டப்பாவை வாசல்ல கொட்டி உங்க மாமாவை எண்ணச் சொன்னேன். நானூத்திப் பதினாறு பொத்தான், ரெண்டு ஊக்கு, செத்துப்போன ஒரு வண்டு. மாத்திரை இல்லை. அவரையே சாட்சிக் கையெழுத்து போடச் சொன்னேன். "பொத்தானுக்கெல்லாமா சாட்சி"ன்னு முனகிட்டுப் போட்டுக் குடுத்தாரு. இதோட வெச்சிருக்கேன் பாரு.

ஆமா, அப்ப சாப்பிட்டேன். உங்க மாமா பயந்துடுவாருன்னு மறைச்சேன். ஆனா யாராவது கேட்டு நான் இல்லைன்னு சொன்னேனா? நீ கண்டுபிடிச்சப்பகூட முட்டியைப் பேத்துடுவேன்னுதானே சொன்னேன், அது மாத்திரை இல்லைன்னா சொன்னேன்? மறைக்கறது வேற, சாமி அலமாரி முன்னாடி நின்னு சத்தியம் பண்ணிட்டு முழுங்கறது வேற.

அந்த டாக்டர் நேத்து வந்த ஆள். அவர் சொல்லட்டும். நீ என் மடியில வளந்தவ. உனக்கு ஜடை பின்னின கைடி இது.

உன் வரி எனக்கு வேண்டாம். கடிதமும் வேண்டாம்.

அத்தை

மார்ச் 29

அன்புள்ள அத்தைக்கு,

வேண்டாம் என்றாலும் எழுதுகிறேன். மாமா கையெழுத்துப் போட்ட சீட்டை என் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறேன். "வண்டு ஒன்று (இறந்தது)" என்று அவர் பொறுப்பாக எழுதியிருப்பதைப் படித்துக் கடையில் எல்லோரும் சிரித்தோம். பிறகு நான் மட்டும் கொஞ்சம் அழுதேன்.

ஒரு விஷயம் மனதில் ஓடிக்கொண்டே இருக்கிறது. மூன்று முறையும் நீங்கள் எங்கள் அப்பா வீட்டில் இரண்டு மாதம் தங்கினீர்கள். மூன்று முறையும் ஆறியது. உங்கள் வீட்டுக்குத் திரும்பிய சில மாதங்களில் மறுபடி வந்தது. அதே டாக்டர், அதே அமில மாத்திரை. அப்படியென்றால் அந்த வீட்டில்தான் ஏதோ இருக்கிறது. கண் பட்டது என்பீர்கள். கண் பட்டால் மாமாவுக்கும் பட வேண்டுமே? அவர் கல்லைத் தின்றாலும் செரிக்கிறார்.

நான் கேட்பது ஒன்றுதான். காலையில் கண் விழித்ததிலிருந்து படுக்கும் வரை உங்கள் வாய்க்குள் போகும் எல்லாவற்றையும் எழுதுங்கள். ஒரு சொட்டுத் தண்ணீரைக்கூட விட வேண்டாம். நீங்கள் சொல்வது உண்மையாக இருந்தால் அதை நிரூபிக்க எனக்கு அது வேண்டும். இந்த முறை நான் உங்களைச் சந்தேகப்படவில்லை. வீட்டைச் சந்தேகப்படுகிறேன்.

சுண்டெலி

ஏப்ரல் 9

அடியே போலீஸ்காரி,

கடிதம் வேண்டாம்னு சொல்லிட்டு எழுதறேன்னு சிரிக்காத. வீட்டைச் சந்தேகப்படறேன்னு எழுதினே பாரு, அதுல கொஞ்சம் மனசு இறங்கிட்டேன். எழுதிக்கோ.

அஞ்சரைக்கு எழுந்திருக்கேன். பல்லு விளக்கறேன். பேஸ்ட்டை முழுங்கறதில்லை, அதையும் எழுதிக்கோ. குளிச்சுட்டு சாமி அலமாரி முன்னாடி நின்னு, ராத்திரி முழுக்க அவர் முன்னாடி இருந்த செம்புத் தண்ணியைக் குடிக்கறேன். அது ஒரு தம்ளர் இருக்கும். சாமி முன்னாடி வெச்ச தண்ணியைக் கால் படற இடத்துல ஊத்தக்கூடாதுன்னு உனக்கே தெரியும், சின்னப் பிள்ளையில நீயும் குடிச்சிருக்கே. அப்புறம் பால் ஊத்தின டீ. உங்க மாமா டீ போட்டா அது சூடு பண்ணின தண்ணி, அதனால நான்தான் போடறேன்.

எட்டு மணிக்கு சோறு, காரம் இல்லாம. டாக்டர் சொன்னதுலேர்ந்து மிளகாயைக் கண்ணால பாக்கறதோட சரி. ஒம்பதுலேர்ந்து மிஷின். இப்ப பள்ளிக்கூடச் சட்டை, ஒரு நாளைக்கு நூத்தம்பது காஜா. பக்கத்து மிஷின்காரி வறுத்த கடலை நீட்டுவா, வாங்கிப் பையில போட்டு உங்க மாமாவுக்குக் கொண்டாறேன். மத்தியானம் தயிர் சோறு, அமில மாத்திரை. நாலு மணிக்கு ஒரு ரொட்டித் துண்டு. ராத்திரி கஞ்சி. வலி ஜாஸ்தியா இருக்கற நாள்ல சாயந்திரமும் ஒரு செம்பு சாமி தண்ணி. வயித்துக்கு வேற யாருகிட்ட போயி சொல்றது?

இவ்வளவுதான். எங்கடி இதுல வலி மாத்திரை?

அங்க பூ விலையெல்லாம் எப்படி? இங்க நான் வைக்கற பூ வாடாம நிக்கறதைப் பாத்து வெள்ளிக்கிழமை பிரார்த்தனைக்கு வரவங்க எல்லாம் அசந்து போறாங்க. உங்க மாமா பல்லி அடிக்கப் போயி பூ வெக்கற கண்ணாடி ஜாடியை ஆறு வருஷம் முன்னாடி உடைச்சாரு, அதுலேர்ந்து பூவையும் அந்தச் செம்புலயே சொருகிடறேன். காலையில பூவை எடுத்து வெச்சுட்டுத் தண்ணியைக் குடிக்கறேன், திரும்ப ரொப்பிப் பூவை வெக்கறேன். என் மருமக பூக்கடையில இருக்கா, அவ சொல்லிக் குடுத்த கைப்பக்குவம்னு உன் பேரைத்தான் சொல்றேன், உன்மேல கோபமா இருக்கறப்பகூட.

அத்தை

ஏப்ரல் 17

அன்புள்ள அத்தைக்கு,

நேற்று போனில் கத்தியதற்கு மன்னியுங்கள். உங்கள் கடிதத்தைக் கடையில் நின்றபடியே படித்தேன். கடைசிப் பத்தியில் கையில் இருந்த வாளியைக் கீழே போட்டுவிட்டேன். போனில் நான் கேட்டது ஒரே கேள்வி: "இன்னும் பூவுக்கு அந்த மாத்திரை போடறீங்களா?" நீங்கள் சொன்ன பதில், "பின்னே? தினம் ஒண்ணு, பெரிய பூன்னா ரெண்டு. நீதானே சொன்னே." அதற்குப் பிறகு நான் "அந்தச் சாமி தண்ணியைத் தொடாதீங்க" என்று கத்தியதும் நீங்கள் போனை வைத்துவிட்டீர்கள். கடிதத்தில் யாரும் குறுக்கே வர முடியாது என்றீர்களே. அதனால் இங்கே முழுவதும் சொல்லிவிடுகிறேன்.

ஏழு வருஷத்துக்கு முன் இந்தக் கடையில் சேர்ந்தபோது, ஜாடித் தண்ணீரில் ஒரு தலைவலி மாத்திரையைக் கரைத்தால் பூ கூடுதலாக இரண்டு நாள் நிற்கும் என்று நான்தான் உங்களுக்கு எழுதினேன். அது ஆஸ்பிரின். உங்கள் பொத்தான் டப்பாவில் இருந்ததும் அதே ஜாதி மாத்திரைதான். நான் நினைத்தது கண்ணாடி ஜாடியை. ஜாடி உடைந்ததும், பூ செம்புக்கு மாறியதும் எனக்குத் தெரியாது. தினமும் ஒன்று, வலிக்கிற நாளில் சாயந்திரம் இன்னொரு செம்பு. வலிக்க வலிக்க அதையே கூடுதலாகக் குடித்திருக்கிறீர்கள்.

"மாத்திரையைப் பூ குடிச்சிடாதா?" என்று கேட்பீர்கள். பூ குடிப்பது ஒரு வாய்கூட இருக்காது, அத்தை. மிச்சமெல்லாம் தண்ணீரில்தான் இருக்கும்.

டாக்டர் மேஜையில் மாத்திரைகளைக் கொட்டியபோது சாமி அலமாரியில் இருந்த அட்டையைக் கொண்டுபோனீர்களா? போயிருக்க மாட்டீர்கள். அது உங்களுடையது இல்லை, சாமியுடையது. நீங்கள் ஒளிக்கவில்லை. எங்கள் வீட்டில் அலமாரி கிடையாது, செம்பு கிடையாது. அதனால்தான் அங்கே ஆறியது.

இன்னொன்றும் இருக்கிறது. அதை எழுதத்தான் பேனா நகர மறுக்கிறது. உங்கள் விரல் வலி போனது எப்போது? ஜாடி உடைந்த பிறகுதானே?

சாமியை விடச் சொல்லவில்லை. மாத்திரையை விடுங்கள். உடனே டாக்டரிடம் சொல்லுங்கள்.

சுண்டெலி

மே 14

சுண்டெலி,

நாலு வாரமா நான் எழுதலைன்னு உங்க மாமாவுக்குத் தினம் போன் பண்ணிக் கேட்டியாம். உயிரோடதான் இருக்கேன். உன்மேல எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சம் இல்லை. புண்ணைப் பத்தி நீ எழுதினது சரின்னு படிச்ச உடனேயே பட்டுது. ஆனா விரலைப் பத்தி ஒரு வரி எழுதினே பாரு, அதை மட்டும் பேனாவால அடிச்சு வெச்சேன்.

உனக்குத் தெரியாது, அன்னிக்கு நான் எப்படி இருந்தேன்னு. ஊசியில நூல் கோக்க முடியாம, இனிமே மிஷினை வித்துட வேண்டியதுதான்னு சாமி முன்னாடி உக்காந்து அழுதேன். ரெண்டு மாசத்துல விரல் மடங்க ஆரம்பிச்சுது. வெள்ளிக்கிழமை பிரார்த்தனையில அறுபது பொம்பளைங்க முன்னாடி எழுந்து நின்னு, "இந்தக் கையைப் பாருங்க, சாமி தொட்ட கை"ன்னு சொன்னேன். ஆறு வருஷமா சொல்றேன். யாராவது புதுசா வந்தா, "அந்தக் காஜாக்காரம்மா கையைப் பாருங்க"ன்னு காட்டுவாங்க. அது ஆஸ்பிரின் தொட்ட கைன்னு சொன்னா நான் எங்கடி போயி நிக்கறது?

சரி, பாத்துடுவோம்னு மாத்திரை அட்டையை உங்க மாமாகிட்ட குடுத்தேன். செம்புல வெறும் தண்ணி. பூவை ஒரு டப்பால போட்டு அந்தாண்ட வெச்சேன். சாமிகிட்ட சொன்னேன்: "நீ எடுத்த வலின்னா அது திரும்பி வராது. வந்தா சுண்டெலி சொன்னதுதான் நிஜம். எதுவானாலும் நான் உன்னை விடப்போறதில்லை, அதனால நீ தைரியமா நிஜத்தைச் சொல்லு."

பதினோராவது நாள், நாப்பதாவது காஜாவுல, நடுவிரல் பிடிச்சுக்கிச்சு. சாயந்திரத்துக்குள்ள அஞ்சு விரலும். அதே பழைய வலி, ஒரு வித்தியாசம் இல்லை. மிஷின்மேல தலையை வெச்சுட்டேன். பக்கத்து மிஷின்காரி, "என்னக்கா, தலை சுத்துதா?"ன்னா. "இல்லடி, தெளிஞ்சுது"ன்னேன்.

வெள்ளிக்கிழமை எழுந்து நின்னேன். "சாமி என் வலியை எடுத்ததா சொன்னேன். தப்பு. பூவுக்குப் போட்ட மாத்திரையை நான் குடிச்சிருக்கேன். வேணும்னு சொன்ன பொய் இல்லை, ஆனா இனிமே யாரும் என் கையைக் காட்டாதீங்க." முன்வரிசையில ஒரு அம்மா, "அப்ப எங்க வீட்டுச் செம்புலயும் பூவு நிக்குதே, நீங்கதானே சொல்லிக்குடுத்தீங்க?"ன்னு கேட்டாங்க பாரு, எனக்குத் தூக்கிவாரிப் போட்டுது! அப்படி எத்தனை வீடுன்னு எழுதி எடுத்தேன். ஏழு வீடு. உங்க மாமாவைக் கூட்டிட்டு ரெண்டே நாள்ல ஏழு வீட்டு அட்டையையும் எடுத்துட்டோம். ரெண்டு பேருக்கு வயித்து வலி இருந்திருக்கு. டாக்டர்கிட்ட நானே இழுத்துட்டுப் போனேன்.

அப்புறம் யோசிச்சேன். என் விரல் வலி சாமிக்குத் தெரியாமலா இருக்கும்? ஏழு வீட்டு வயித்தையும் காப்பாத்தணும்னு நினைச்சிருக்காரு. அதுக்கு உன் வாயும் என் விரலும் தேவைப்பட்டிருக்கு. இப்படிச் சொன்னா நீ சிரிப்பே. சிரிச்சுக்கோ.

அந்த வரியை இப்பவாவது எழுதுவியா, இல்லை இன்னும் பொத்தான் எண்ணணுமா?

அத்தை

மே 23

அன்புள்ள அத்தைக்கு,

சிரிக்கவில்லை. அத்தனை பேர் முன்னால் என்னால் அப்படி எழுந்திருக்க முடிந்திருக்காது.

தனித் தாளில் எழுதி, கையெழுத்துப் போட்டு, கடை முத்திரையும் வைத்திருக்கிறேன். இங்கேயும் ஒரு முறை எழுதுகிறேன்:

எங்கள் அத்தை பொய் சொல்ல மாட்டார். அவரை ஆறு வருஷம் நோயாளியாக வைத்திருந்த யோசனை என்னுடையது. முதலில் கேட்டபோதே இதை எழுதாததும் என் தவறு.

கடையில் இனி யாருக்கும் அந்த யோசனையைச் சொல்வதில்லை. பூ வாடினால் புதுசு வாங்கட்டும் என்கிறேன். முதலாளிக்கு ஏக மகிழ்ச்சி.

சுண்டெலி

ஜூன் 11

என் தங்கச் சுண்டெலிக்கு,

குழாய் விட்டாச்சு. புண்ணு ஆறிடுச்சு! தழும்புதான் இருக்காம். கத்திரிக்கோல் வேண்டாம்னுட்டாரு.

உன் தாளை மேஜைமேல வெச்சு, செம்புக் கதையை ஆதியோட அந்தமா சொன்னேன். வெளிய பன்னெண்டு பேரு காத்திருந்தாங்க, இருக்கட்டும். டாக்டர் பேனாவைக் கீழ வெச்சுட்டுக் கேட்டாரு. சிரிக்கலை. "நான் 'மாத்திரை முழுங்கறீங்களா'ன்னு கேட்டேன். 'வீட்டுல எதுக்காவது மாத்திரை வாங்கறீங்களா'ன்னு கேட்டிருக்கணும்"னாரு. "அதை அடிங்க"ன்னேன். பழைய பக்கத்தைப் புரட்டி, அந்த வரியை ஸ்கேல் வெச்சு அடிச்சு, பக்கத்துல எழுதினாரு. இந்தத் தடவை அவரையே படிக்கச் சொன்னேன். "நோயாளி உண்மை சொன்னார். மருந்து, பூவுக்குக் கரைத்த தண்ணீரில் இருந்தது." தேதியும் கையெழுத்தும் போட்டாரு. உன் தாளை ஃபைல்ல அவரே குத்தினாரு, நான் ஒட்ட வேண்டிய வேலை இல்லாம போச்சு.

ஆனா கிளம்பறப்ப ஒண்ணு சொன்னாரு. கிருமி இல்லாத புண்ணு, காரணம் போன பிறகும் சிலருக்குத் திரும்ப எட்டிப் பாக்குமாம். அமில மாத்திரையை விடக்கூடாது, வருஷம் ஒரு தடவை குழாய். சரின்னேன். வந்தா வரட்டும். இத்தனை நாள் அது எந்த வழியா வந்துதுன்னு தெரியாம முழிச்சேன், இப்ப வாசல்லயே பிடிச்சுடுவேன்.

விரலுக்குத் தேய்க்கற களிம்பு குடுத்திருக்காரு. நூத்தம்பது காஜா இப்ப தொண்ணூறுதான் முடியுது. மேஸ்திரி முணுமுணுத்தான். "தொண்ணூறும் பிரியாத காஜா, எண்ணிப் பாத்துக்கோ"ன்னேன்.

பூ இப்ப ரெண்டு நாள்ல வாடிப் போகுது. உங்க மாமா புதுசா ஒரு கண்ணாடி ஜாடி வாங்கிட்டு வந்து, கொட்டை எழுத்துல 'பூவுக்கு மட்டும்'னு எழுதி ஒட்டி அலமாரியில வெச்சிருக்காரு. "சாமி முன்னாடி இது என்ன கூத்து, அவருக்கா தெரியாது?"ன்னு கேட்டேன். "அவருக்குத் தெரியும். இது உனக்கு"ங்கறாரு.

லீவு போட்டுட்டு வா. வரும்போது பூ கொண்டா, யோசனை எதுவும் கொண்டாராத.

உன் அத்தை